கஹவத்தையின் கறுப்பு இலை

இரத்தினபுரிப் பக்கத்துத் தேயிலை லண்டனில் எடுபடாது என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. 1200 மீட்டருக்கு மேலே விளைவதுதான் தேயிலை, 600 மீட்டருக்குக் கீழே விளைவது ஏதோ இலை. வெள்ளைக்காரக் கம்பெனிகளின் கணக்கு ஏறக்குறைய அப்படித்தான். மணமும் வெளிறிய சாயமும் வேண்டியவர்கள் நுவரெலியாவிலும் திம்புளையிலும் காசைக் கொட்டினார்கள். கீழ்நாட்டில் றப்பர் வைத்தார்கள். மாணிக்கக் குழி தோண்டிப் பிழைக்கும் ஊர் எங்களுடையது. ஆனாலும் மண்ணுக்கு மேலே கிடந்த சரக்கை மதிக்க ஆள் இல்லை.

எங்கள் கஹவத்தைச் சூட்டில் கொழுந்து விறுவிறுவென்று வரும். முறுக்கினால் நீளமாக, கன்னங்கரேலென்று இருக்கும், சாயமும் கடுமை. 1970களில் எண்ணெய்க் காசு பெருகியதும் ஈராக், ஈரான், லிபியா, சிரியாக்காரர்கள் கொழும்பு ஏலத்தில் இதைத்தான் தேடினார்கள். பாலில்லாமல் கண்ணாடிக் கிளாசில் குடிக்கிற அவர்கள், வாய்க்கு முன் கண்ணால் இலையைப் பார்ப்பார்கள். பிரிட்டனோ தேயிலைப் பைக்கு மாறி, கென்யாவின் தூள் தேயிலையை வாங்கத் தொடங்கிவிட்டது. இன்று இலங்கைத் தேயிலையில் ஏறத்தாழ 60 வீதம் கீழ்நாட்டுடையது. ஏலத்திலும் அதன் சராசரி விலை பல வருடங்களில் மேல்நாட்டை மிஞ்சுகிறது.

அந்தக் காசில் பெரும்பங்கு தோட்டங்களுக்கு வரவில்லை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் நாட்டு ஆட்களுக்குப் போயிற்று. நாட்டின் தேயிலையில் பத்தில் ஏழு பங்குக்குக் குறையாமல் அவர்கள் கொழுந்திலிருந்துதான் வருகிறது.

தோட்ட ஒபிசில் செக்ரோல் என்ற பேர்ப்பதிவு எழுதித் தலை நரைத்தவன் நான். காசு தோட்டத்துக்கு வராத காரணம் எங்கள் மலையிலேயே தெரியும். நாட்டு ஆட்கள் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தந்த வி.பி. கன்றுகளை, அதாவது தண்டு வெட்டி வளர்த்த கன்றுகளை, மானியம் வாங்கி நட்டார்கள். தோட்டத்தில் பல மலைகளில் இன்னும் பாட்டன் காலத்து விதைத் தேயிலை. அதைப் பிடுங்கினால் இரண்டு வருடம் மானாப் புல் வளர்த்து மண்ணைத் தேற்ற வேண்டும். பிறகு கன்று வைத்து, கொழுந்து பார்க்க இன்னும் சில வருடம். இந்த வருட இலாபத்தைக் காட்ட வேண்டிய துரை அதில் கை வைப்பாரா? சுதந்திரத்துக்குப் பிறகு, தோட்டங்களை அரசு எடுத்துக்கொள்ளும் என்ற பயத்தில் பழைய கம்பெனிகள் காசை வெளியே கொண்டுபோயின. 1975ல் அரசு எடுத்தேவிட்டது. 1992ல் 22 பிராந்தியக் கம்பெனிகளின் கைக்கு நிர்வாகம் போனது. அவற்றுக்குக் கிடைத்தது 53 வருடக் குத்தகை. சொந்த நிலத்தில் மரம் வைப்பவனின் பொறுமை குத்தகைக்காரனுக்கு வருவது கடினம்.

அதே 1975ல்தான் கோடாக் கம்பெனியில் ஸ்டீவ் சாசன் என்ற பொறியியலாளர் முதல் டிஜிட்டல் கெமராவைச் செய்து காட்டினார். பிலிம் விற்ற இலாபத்தை விட மனமில்லாத கம்பெனி, 2012ல் நீதிமன்றத்தில் திவால் மனுக் கொடுத்தது. உலகம் முழுக்க இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எங்கள் கம்பெனிகள் கோட்டைவிட்டதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

இன்னொன்றும் நடந்தது. நாட்டு ஆட்களின் கொழுந்தை எடுப்பது பல இடங்களில் எங்கள் தோட்ட லயத்துக் கைகள்தான். 'ஏம்மா, இன்னைக்குப் பேருக்கு வரலயா?' என்று ஒருத்தியைக் கேட்டேன். பேரு என்றால் ஒரு நாள் சம்பளம்.

'அங்க கிலோக் கணக்குக்குக் கைக்காசுங்க ஐயா. இங்க கிலோ கொறஞ்சா அரைப்பேரு போட்டுருவீங்க.'

ஒபிசில் இதற்குப் பெயர் ஆள் பற்றாக்குறை. ஆள் இருந்தார்கள், வேலியைத் தாண்டி இருந்தார்கள். ஏலத்தில் கிடைப்பதில் நூற்றுக்கு 68 பங்கு கொழுந்துக்காரனுக்கு, 32 பங்கு தேயிலை ஸ்டோருக்கு என்பது சிறுதோட்டங்களுக்கான சூத்திரம். விலை ஏறினால் அவனுக்கும் ஏறும். பேருக்கு வேலை செய்கிறவளுக்கு ஏலம் எப்படிப் போனாலும் ஒரே சம்பளம். அந்த நாட்சம்பளம் 1000 ரூபாயைத் தொட்டதே 2021ல்தான்.

இப்போது சில கம்பெனிகள் மலையைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, வருமானத்தில் பங்கு தருகின்றன. நல்ல ஏற்பாடுதான், முப்பது வருடம் பிந்தியது. காணி உறுதி மட்டும் கிடையாது. குத்தகை 2045ல் முடியும். அதற்குள் விதைத் தேயிலையைப் பிடுங்கி வி.பி. வைக்கிற செலவு யாருடையது என்று கேட்டுப் பார்த்தேன். கம்பெனி குடும்பத்தைக் காட்டுகிறது, குடும்பம் கம்பெனியைக் காட்டுகிறது.