பவளம் காக்கப் புறப்பட்ட ரோபோ!

குட்டீஸ்... 'இன்ஜினியருக்கும், கடலுக்கும் என்ன சம்பந்தம்?' என்று நினைக்கிறீர்களா? இதைப் படியுங்கள், புரியும்.

ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையை ஒட்டி, 2,300 கி.மீ., நீளத்துக்கு நீண்டு கிடக்கிறது, 'கிரேட் பேரியர் ரீப்' என்னும் பவளப்பாறைத் தொடர். பார்க்க கல் போல இருந்தாலும், அதைக் கட்டியவை சின்னஞ்சிறு பவள உயிரிகள். அங்கிருந்த உயிருள்ள பவளத்தில் பாதி, 1985 முதல் 2012க்குள் அழிந்து விட்டது. முதல் காரணம், புயல். இரண்டாவது காரணம், முள்கிரீட நட்சத்திர மீன்!

பெயர்தான் மீன், உண்மையில் இது மீன் இல்லை. சிலவற்றுக்கு, 20 கைகள் கூட உண்டு. உடம்பெல்லாம் விஷ முள். இரைப்பையை வாய் வழியாக வெளியே தள்ளி, பவளத்தின் மேல் போர்த்தி, அந்த உயிரிகளைக் கரைத்து உறிஞ்சி விடும். வெறும் வெள்ளைக் கூடுதான் மிஞ்சும்.

இவை அளவோடு இருந்தால் ஆபத்தில்லை. பெருகினால் தான் தொல்லை. கடலுக்குள் குதித்து, ஒவ்வொன்றாகத் தேடி விஷ ஊசி போட்டனர் வீரர்கள்.

'இந்த வேலையை இயந்திரம் செய்தால் என்ன?' என்று யோசித்தார், ரோபோ இன்ஜினியர் மேத்யூ டன்பாபின். நட்சத்திர மீனை அடையாளம் காணும் கம்ப்யூட்டர் முறையையும் உருவாக்கினார். ஆனால், ஒரு நட்சத்திர மீனுக்கே 20 ஊசி வரை போட வேண்டியிருந்தது. ரோபோவால் அது முடியாதே! வேலை பாதியில் நின்றது.

ஏறத்தாழ 10 ஆண்டுகள் கழிந்தன. பித்த உப்பு மருந்தை ஒரே ஒரு ஊசி போட்டாலே போதும் என, 2014ல், ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தனர். டன்பாபின், பழைய திட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார். குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், 2015ல், 'காட்ஸ்பாட்' ரோபோ பிறந்தது.

ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, அதற்குப் பாடம் நடத்தினர். சந்தேகம் வந்தால் ஊசி போடாது. படம் எடுத்து வந்து, மனிதர்களிடம் காட்டும். நல்ல மாணவன் தானே!

பவளக் குஞ்சுகளைக் கடலில் விதைக்கும் ரோபோவும், 2018ல் வந்தது.

கடல் நீர் சூடாவதால் பவளம் வெளுத்துப் போவதை, எந்த ரோபோவாலும் தடுக்க முடியாது. அதற்கு, உலகமே புகையைக் குறைத்தாக வேண்டும்.

செல்லங்களே... விடை வராத கணக்கைக் கிழித்துப் போடாதீர்கள். பத்திரமாக வையுங்கள். அதை முடிக்கத் தேவையான ஓர் 'ஊசி', பின்னால் கிடைக்கலாம்!