சிறுநீரகம் பழுதானால் தமனி எலும்பாகிறது

நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது சிறுநீரகம் அல்ல, இதயம். டயாலிசிஸ் கட்டத்தை எட்டும் முன்பே மாரடைப்பிலும் இதயச் செயலிழப்பிலும் இறந்துவிடுபவர்கள் ஏராளம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடையே இதய, ரத்தக்குழாய் நோயால் நேரும் இறப்பு மற்றவர்களைவிட 10 முதல் 20 மடங்கு அதிகம். சர்க்கரை நோயும் உயர் ரத்த அழுத்தமும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் சேர்த்தே கெடுப்பவை என்பதால் இதில் வியப்பில்லை என்று தோன்றலாம். ஆனால் அவை இரண்டையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் கணக்கு நேராவதில்லை. மீதத்தில் பெரும்பங்கு தமனிச் சுவர்களிலும் இதய வால்வுகளிலும் கால்சியம் பாஸ்பேட் படிந்து இறுகுவதைச் சேரும்.

இது முதுமையில் எல்லோருக்கும் வருவதுதானே என்ற எண்ணத்தை 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு கலைத்தது. அமெரிக்க மருத்துவர் வில்லியம் குட்மனும் அவரது குழுவினரும் டயாலிசிஸில் இருந்த சிறுவர்களையும் இளைஞர்களையும் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 20 வயதுக்கு உட்பட்ட யாருக்கும் இதயத் தமனியில் படிவு இல்லை. 20 முதல் 30 வயது வரையிலான 16 பேரில் 14 பேருக்கு இருந்தது. அதே வயதுடைய ஆரோக்கியமான 60 பேரில் 3 பேருக்கு மட்டுமே இருந்தது. படிவு இருந்தவர்களை ஏறத்தாழ 20 மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தபோது அதன் அளவு இரண்டு மடங்காகியிருந்தது. இன்னொன்றும் தெரியவந்தது. படிவு இருந்தவர்கள், இல்லாதவர்களைவிட ஏறக்குறைய இருமடங்கு கால்சியத்தை மாத்திரையாகச் சாப்பிட்டுவந்திருந்தார்கள். சிகிச்சை என்று கொடுக்கப்பட்ட மருந்தின் மேலேயே அப்போது சந்தேகம் விழுந்தது.

தமனியின் சுவரில் படிவு இரண்டு இடங்களில் ஏற்படுகிறது. ஒன்று, ரத்தம் உரசிச் செல்லும் உள்ளடுக்கு. கொழுப்புத் திட்டுகள் பழசாகி அவற்றில் கால்சியம் சேர்வது இங்கேதான், சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கும் இது வரும், குழாயை அடைக்கும். மற்றொன்று, தசைச் செல்கள் நிறைந்த நடு அடுக்கு. 1903-இல் ஜெர்மானிய நோயியலாளர் யோகான் மோன்கபெர்க் விவரித்த இந்த வகை, சிறுநீரக நோயாளிகளிடமும் நீண்டநாள் சர்க்கரை நோயாளிகளிடமும் மிகுதி. இது குழாயை அடைப்பதில்லை, விறைக்கச் செய்கிறது. சிறுநீரக நோயாளிக்குப் பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும். ஆஞ்சியோகிராமில் பெரிய அடைப்பு இல்லை என்ற செய்தி இவர்களுக்கு முழு நிம்மதி தராததற்கு இதுவே காரணம்.

விறைத்த தமனியால் என்ன கெடுதல்? இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது மகாதமனி விரிந்து கொடுக்கும். இதயம் ஓய்வெடுக்கும்போது பழைய நிலைக்குச் சுருங்கி ரத்தத்தை முன்னே செலுத்தும். இதயத் தசைக்கு வேண்டிய ரத்தம் பெருமளவு கிடைப்பதும் அந்த ஓய்வு நேரத்தில்தான். மகாதமனி விரியாமல் போனால் ரத்த அழுத்தத்தின் மேல் எண் ஏறும், கீழ் எண் இறங்கும். இதயம் அதிக எதிர்ப்பை மீறித் தள்ள வேண்டியிருப்பதால் அதன் இடது கீழறை தடிக்கிறது. தடித்த தசைக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும், கிடைப்பதோ குறைவு. இதயச் செயலிழப்பு, துடிப்புத் தாளம் கெடுதல், திடீர் மரணம் ஆகியவற்றுக்கு இப்படித்தான் வழி திறக்கிறது. வால்வுகளில் படியும்போது, குறிப்பாக மகாதமனி வால்வில், அதன் மடல்கள் இறுகி வாசல் குறுகும். சிறுநீரக நோயாளிகளிடம் இந்தக் குறுகல் மற்றவர்களைவிட வேகமாக முற்றுகிறது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் அறுவை சிகிச்சைக்கும் இது இடைஞ்சல்: இடுப்புத் தமனி கெட்டித்துப் போயிருந்தால் புதிய சிறுநீரகத்தின் குழாயை அதில் இணைத்துத் தைப்பது கடினம்.

வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் உப்பு படிவதுபோல, ரத்தத்தில் மிஞ்சிய தாது குழாயில் ஒட்டிக்கொள்கிறது என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. 1855-இல் ஜெர்மானிய நோயியலாளர் ருடால்ஃப் பிர்கோ இத்தகைய படிவுகளை விவரித்த காலம் தொட்டு அந்த எண்ணம் நீடித்தது. இன்று அது பாதி உண்மை மட்டுமே. தமனியின் தசைச் செல்களைப் பாஸ்பேட் மிகுந்த திரவத்தில் வளர்த்தபோது, அவை தசைக்குரிய குணங்களை இழந்து எலும்பை உருவாக்கும் செல்களின் குணங்களைப் பெறுவதை அமெரிக்க ஆய்வாளர் சிசிலியா ஜியாசெல்லி குழுவினரின் ஆய்வு 2000-இல் காட்டியது. எலும்பு உருவாக வேண்டும் என்று ஆணையிடும் மரபணுக்கள் அந்தச் செல்களில் விழித்துக்கொள்கின்றன. அதாவது தமனி, வேண்டாத இடத்தில் எலும்பைக் கட்டத் தொடங்குகிறது. ஒட்டியிருப்பதைக் கழுவி எடுக்கும் மருந்து ஏதும் இல்லாததன் விளக்கமும் இதற்குள்ளேயே இருக்கிறது.

அப்படியானால் நம் எல்லோருடைய தமனிகளும் ஏன் எலும்பாகவில்லை? ரத்தத்தில் எப்போதும் கால்சியமும் பாஸ்பேட்டும் இருக்கின்றன. அவை படிகமாகாமல் தடுக்கக் காவலர்களும் இருக்கிறார்கள்: கல்லீரல் சுரக்கும் ஃபெட்டுயின்-ஏ, பைரோபாஸ்பேட், தமனிச் சுவரிலேயே உருவாகும் எம்ஜிபி என்ற புரதம். எம்ஜிபி இல்லாமல் பிறந்த எலிகள் தமனிகள் சுண்ணமாகி வெடித்து இரண்டு மாதங்களுக்குள் இறந்தன என்று 1997-இல் தெரியவந்தது. இந்தப் புரதம் வேலை செய்ய வைட்டமின் கே தேவை. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கப்படும் வார்ஃபரின் அந்த வைட்டமினின் வேலையைத்தான் தடுக்கிறது. ஆகவே சிறுநீரக நோயாளிக்கு அதை எழுதும் மருத்துவர் இருமுறை யோசிக்கிறார். அதே 1997-இல் ஜப்பானில் மகோத்தோ குரோ-ஓ குழுவினர் கண்டறிந்த குளோதோ என்ற புரதம் முக்கியமாகச் சிறுநீரகத்தில் உருவாவது. அது இல்லாத எலிகள் இளமையிலேயே மூப்படைந்தன, தமனிகள் இறுகின. சிறுநீரகம் கெடக்கெட இந்தக் காவலும் குறைகிறது.

எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்பது பாஸ்பரஸ். ரத்தத்தில் அது டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மில்லிகிராம் இருப்பது இயல்பு. சிறுநீரகம் தளரும்போது எலும்புச் செல்கள் எஃப்ஜிஎஃப்-23 என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரந்து, மிஞ்சியிருக்கும் சிறுநீரகப் பகுதியை விரட்டி வேலைவாங்கி, பாஸ்பரஸை வெளியேற்ற வைக்கின்றன. இதனால் நோய் வெகுவாக முற்றும்வரை பரிசோதனைச் சீட்டில் பாஸ்பரஸ் இயல்பாகவே தெரியும். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை அதிகம். செயல்திறன் உள்ள வைட்டமின் டி குறைகிறது. குடலில் கால்சியம் உறிஞ்சப்படுவது குறைகிறது. கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் பதறி எலும்பிலிருந்து கால்சியத்தையும் பாஸ்பரஸையும் இழுத்து ரத்தத்தில் விடுகின்றன. எலும்பு கரைய, தமனி எலும்பாகும் விபரீதம் ஒரே உடலில் ஒரே நேரத்தில் நடக்கிறது.

படிவு தனியே வலிப்பதில்லை. பக்கவாட்டில் எடுக்கும் சாதாரண வயிற்று எக்ஸ்ரேயிலேயே மகாதமனிப் படிவு தெரியும். வால்வுப் படிவை எக்கோ காட்டும். துல்லியமான அளவு வேண்டுமானால் சிடி ஸ்கேன். அதற்கான மதிப்பெண் முறையை 1990-இல் அமெரிக்க இதய மருத்துவர் ஆர்தர் அகாட்ஸ்டனின் குழு உருவாக்கியது. 400-க்கு மேல் என்றால் கடுமையான படிவு. கணுக்காலில் ரத்த அழுத்தம் அளக்கும்போது எண் அளவுக்கு மீறி உயர்ந்தாலும் சந்தேகிக்க வேண்டும்: பட்டை எவ்வளவு இறுக்கினாலும் கெட்டித்த குழாய் அமுங்குவதில்லை. அரிதாக, தோலுக்கு அடியிலுள்ள நுண்தமனிகள் இறுகி, தாங்கமுடியாத வலியுடன் கருத்த புண்கள் தோன்றும். கால்சிஃபிலாக்சிஸ் எனப்படும் இந்த நிலை வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் ஓராண்டுக்குள் இறக்கிறார்கள்.

சிகிச்சையில் வெற்றிகளைவிட ஏமாற்றங்களே அதிகம். உணவின் பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்துவைக்க முன்பு அலுமினிய மாத்திரை தரப்பட்டது. அலுமினியம் மூளையையும் எலும்பையும் பாதித்ததால் கைவிடப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த கால்சியம் மாத்திரைகள் மேலே சொன்ன சந்தேகத்துக்கு ஆளாயின. கால்சியம் இல்லாத செவலமர், லாந்தனம் போன்றவை பிறகு வந்தன. 2002-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், செவலமர் சாப்பிட்டவர்களுக்குப் படிவு வளர்வது கால்சியம் சாப்பிட்டவர்களைவிட மெதுவாக இருந்தது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. பாராதைராய்டை அடக்கும் சினாகால்செட், 2012-இல் வெளியான பெரிய ஆய்வில் இறப்பைத் தெளிவாகக் குறைத்ததாகக் காட்ட முடியவில்லை. வைட்டமின் கே, மெக்னீசியம் மாத்திரைகளும் இதுவரை நிரூபணம் பெறவில்லை. டயாலிசிஸின்போது ஊசிவழி செலுத்தும் ஃபைட்டேட் மருந்து மட்டும் 2020-இல் ஒரு நம்பிக்கை தந்தது: ஓராண்டில் இதயத் தமனிப் படிவு மற்றவர்களுக்கு 20 சதவீதம் வளர, மருந்து பெற்றவர்களுக்கு 11 சதவீதம் வளர்ந்தது. அதனால் ஆயுள் கூடுமா என்பது வேறு கேள்வி. மாற்றுச் சிறுநீரகம் படிவின் வேகத்தைத் தணிக்கும், உள்ளதைக் கரைக்காது. ஸ்டென்ட் வைக்க முடியாதபடி இறுகிய குழாயில் அதிர்வலைகளை அனுப்பிப் படிவை உடைக்கிறார்கள். சிறுநீரகக் கல்லை உடைக்க வந்த உத்திதான் இது. இப்போது இதயத்துக்கும் வந்திருக்கிறது.

ஆக, கைக்குள் இருக்கும் வழி பாஸ்பரஸை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வது. டயாலிசிஸை மட்டும் நம்பமுடியாது: நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்றில் நீங்குவது 600 முதல் 1000 மில்லிகிராம், ஒருநாள் உணவிலேயே அவ்வளவு பாஸ்பரஸ் இருக்கும், டயாலிசிஸோ வாரம் மூன்று முறைதான். ஆனாலும் எல்லாப் பாஸ்பரஸும் ஒன்றல்ல. பருப்பிலும் தானியத்திலும் இருப்பதில் பெரும்பகுதி ஃபைட்டேட்டாகக் கட்டுண்டிருப்பதால் பாதி அளவோ அதற்கும் குறைவாகவோதான் உடலில் சேரும். பால், இறைச்சி, மீன் ஆகியவற்றிலிருந்து அதைவிட அதிகம் சேரும். பதப்படுத்திய உணவில் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புகளோ ஏறக்குறைய முழுதாகச் சேரும். பருப்பை நிறுத்திவிட்டுக் கோலா குடிக்கும் நோயாளி தலைகீழாகப் பத்தியம் இருக்கிறார். கோலா, சாசேஜ், பதப்படுத்திய சீஸ், உறையவைத்த நக்கெட்ஸ் ஆகியவற்றின் உறையில் 338 முதல் 341 வரையிலோ 450 முதல் 452 வரையிலோ எண்கள் இருந்தால் அதில் பாஸ்பேட் இருக்கிறது. முட்டையில் மஞ்சள் கருவை விட்டு வெள்ளைக்கருவைச் சாப்பிட்டால் புரதம் கிடைக்கும், பாஸ்பரஸ் மிகக் குறைவு. பாஸ்பரஸைப் பிடிக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் பிடிப்பதற்கு அங்கே எதுவும் இருக்காது.

மூட்டுவலிக்கென்றும் எலும்புத் தேய்மானத்துக்கென்றும் மருந்துக்கடையில் தாமாகவே கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை வாங்கிப் போடுவது நம் ஊரில் சர்வ சாதாரணம். ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் அளவு) கூடியிருப்பதாக ஒருமுறையேனும் சொல்லப்பட்டவர்கள், எந்த மருத்துவரிடம் போனாலும் அந்தப் பரிசோதனைச் சீட்டை முதலில் காட்டிவிட்டு, சிறுநீரக மருத்துவரைக் கேட்ட பிறகே அத்தகைய மாத்திரைகளைத் தொட வேண்டும்.