கடை திறந்துதான் இருக்கு... மேப்ல மட்டும் ‘மூடியாச்சு’! கூகுள் மேப் பக்கத்தைப் பாதுகாப்பது எப்படி?

ஞாயிறு மதியம். பிரியாணி தம் போட்டு ரெடி. ஆனால், கடைக்கு வழக்கமாக வரும் கூட்டத்தைக் காணோம். “அண்ணே, கடையை மூடிட்டீங்களா? மேப்ல அப்படித்தான் காட்டுது” என்று ரெகுலர் கஸ்டமர் ஒருவர் போன் செய்யும்போதுதான் விஷயமே தெரிகிறது. இந்த நிலை எந்தக் கடைக்கும் வரலாம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தில் ‘செர்பியன் கிரவுன்’ என்ற உணவகம் சுமார் 40 ஆண்டுகள் இயங்கியது. வார இறுதியில் கடை மூடியிருக்கும் என்று கூகுள் பக்கத்தில் தவறாகக் காட்டப்பட்டதால் வியாபாரமே படுத்துவிட்டது என உரிமையாளர் கூகுள் மீது வழக்குப் போட்டார். 2013-ல் உணவகம் மூடப்பட்டது. குற்றச்சாட்டை கூகுள் ஏற்கவில்லை.

யார் வேண்டுமானாலும் மாற்றலாமா?

கூகுள் கணக்கு உள்ள யாரும் ‘சஜஸ்ட் அன் எடிட்’ மூலம் கடையின் பெயர், நேரம், போன் நம்பரை மாற்றச் சொல்லலாம். ‘மூடப்பட்டது’ என்றும் குறிக்கலாம். புதிய நேரத்தை வாடிக்கையாளர்களே சொல்லட்டும் என்பதற்கான வசதி இது. அதையே போட்டியாளர்களும் மோசடிக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். பரிந்துரைகளை கூகுள் சரிபார்க்கிறது என்றாலும், சில தவறுகள் தப்பிவிடுகின்றன.

நேரத்தை மாற்றினால் வியாபாரம் போகும். நம்பரை மாற்றினால் வாடிக்கையாளரின் பணமே போகும். 2018-ல் மகாராஷ்டிராவில், மேப்பில் வங்கிக் கிளையின் நம்பரை மாற்றி, போன் செய்தவர்களிடம் கார்டு விவரங்களைக் கறந்ததாகப் புகார்கள் எழுந்தன.

என்ன செய்ய வேண்டும்?

● முதலில், ‘கூகுள் பிசினஸ் புரொஃபைல்’ பக்கத்தை வெரிஃபை செய்து உங்கள் பெயரில் எடுங்கள். இது இலவசம். இதற்குப் பணம் கேட்டு போன் வந்தால் நம்பாதீர்கள். வெரிஃபிகேஷன் கோடை யாருக்கும் சொல்லாதீர்கள்.

● வெரிஃபை செய்தாலும் மற்றவர்கள் திருத்தம் பரிந்துரைப்பது நிற்காது. எனவே வாரம் ஒருமுறை பெயர், நேரம், நம்பர், மேப் பின் நான்கையும் பாருங்கள். உங்கள் கணக்கிலிருந்து வெளியே வந்து, வாடிக்கையாளர்போலத் தேடிப் பார்ப்பது நல்லது.

● யாராவது உங்கள் பக்கத்துக்கு உரிமை கோரினால் கூகுள் மெயில் அனுப்பும். பதில் சொல்ல 3 நாள்தான் அவகாசம். கண்டுகொள்ளாமல் விட்டால், பக்கம் கைமாற வாய்ப்பு உண்டு. தினமும் பார்க்கிற மெயில் ஐடியையே கொடுங்கள்.

● வேலையை விட்டுப்போன ஊழியர், பழைய ஏஜென்சி ஆகியோரின் அனுமதியை நீக்குங்கள். உதவிக்கு இருப்பவர்களுக்கு ‘மேனேஜர்’ அனுமதி போதும். ‘ஓனர்’ அனுமதி வேண்டாம். இரண்டு கட்டச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள்.

● போர்டில் உள்ள பெயரையே போடுங்கள். ‘பெஸ்ட்’, ‘நம்பர் ஒன்’ என்று சேர்ப்பது விதிமீறல். உங்கள் மீதே புகார் செய்ய அது காரணமாகிவிடும். பொங்கல், தீபாவளிக்கு ‘ஸ்பெஷல் ஹவர்ஸ்’ போடுவதும் அவசியம்.

ஏற்கெனவே மாத்திட்டாங்களா?

பதறாமல் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு புரொஃபைலுக்குள் சென்று சரியான விவரத்தைப் பதிவிடுங்கள். ‘மூடப்பட்டது’ என்றிருந்தால் ‘திறந்திருக்கிறது’ என மாற்றுங்கள். திரும்பத் திரும்ப நடந்தால், பிசினஸ் புரொஃபைல் உதவிப் பக்கத்தில் புகார் கொடுங்கள். கடை போர்டின் போட்டோ, ஜிஎஸ்டி சான்று, கரண்ட் பில் கையில் இருந்தால் கடை உங்களுடையது என நிரூபிப்பது சுலபம். யாராவது பணத்தை இழந்திருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கச் சொல்லுங்கள்.

தினமும் காலையில் ஷட்டரைத் திறக்கும்போது போர்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். மேப்பும் இன்று கடையின் போர்டுதான். அதையும் ஒரு பார்வை பார்த்துவிடலாமே!