எறிந்துவிடும் ஊசிக்குழல்

மருத்துவர் ஒருமுறை கையாண்டு எறிந்துவிடும் பிளாஸ்டிக் ஊசிக்குழலை நீங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். நியூசிலாந்து மருந்தாளுநர் காலின் மர்டாக் 1956-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். அக்காலத்தில் கண்ணாடிக் குழலையே கொதிநீரிலிட்டு மீண்டும் மீண்டும் பயன்படுத்தி வந்தனர்.

எறிவதற்கென்றே செய்யும் பொருள் மலிவாக இருத்தல் வேண்டும். விலை மிகுந்தால் எறிய மனம் வராது. ஒருவர் குருதியிலுள்ள நச்சுயிர் அடுத்தவர் உடலிற் புகும்.

மலிவு எங்கிருந்து வருகிறது? பிளாஸ்டிக்கின் விலையிலிருந்து என்பர் பலர். காலத்திலிருந்து என்பேன் நான். உருகிய பாலிப்ரொப்பிலீனை எஃகு அச்சினுள் அழுத்திச் செலுத்துவது நொடிப்பொழுது வேலை. அது குளிர்ந்து இறுகுவதற்கே பெரும்பொழுது கழிகிறது. சுவரின் கனம் இருமடங்கானால், குளிரும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும்! ஆகவே சுவர் மெல்லியதாகவும் எங்கும் ஒரே கனமாகவும் அமைதல் வேண்டும். ஓரிடம் தடித்தால் அவ்விடம் பிந்திக் குளிர்ந்து குழிந்துவிடும். உறுதி வேண்டுமாயின்? உந்துதண்டைச் சற்றே திருப்பிப் பாருங்கள். திண்ணிய கோலாக அன்றி, மெல்லிய தகடுகள் கூட்டற்குறிபோல் குறுக்கிட்டு நிற்கும்.

அச்சோ பெருவிலையுடையது. எனினும் ஓர் அச்சில் பல குழிகள் வெட்டிக் கோடிக்கணக்கில் வார்த்தால், குழல் ஒன்றிற்குக் காசளவே விழும்.

இதன் பின்னும் ஏழை நாடுகளில் எறிந்த குழலையே எடுத்து ஊசியிட்டனர். அதனால் எய்ட்ஸ் பரவும் என்பதை 1984-இல் நாளிதழில் படித்த ஆங்கிலேயர் மார்க் கோஸ்கா, குழலின் உட்புறத்தில் சிறு வளையமொன்றை அமைத்தார். மருந்து செலுத்தியபின் தண்டைப் பின்னிழுத்தால் அது முறிந்துவிடும். இதற்குப் புதிய இயந்திரம் வேண்டுவதில்லை. இருக்கும் இயந்திரத்திலேயே சிறு மாற்றத்துடன் வார்த்துவிடலாம்.