'செர்ரி' என்ற பெயரை மட்டும் நம்பலாமா? போன்சாய்க்கு இளஞ்செடி தேர்ந்தெடுக்கும் முறை

பள்ளித் தோட்டத்துக்கோ வீட்டு முற்றத்துக்கோ பூக்கும் செர்ரிச் செடி வாங்கி போன்சாய் வளர்க்க விரும்புகிறீர்களா? நல்ல எண்ணம்தான். ஆனால், பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இது எந்தச் செர்ரி? இதன் அடிப்பகுதி எப்படி இருக்கிறது? போன்சாய் ஓராண்டு வேலை இல்லை. பல ஆண்டு உழைப்பு. செடி சரியாக அமையவில்லை என்றால் அத்தனையும் விழலுக்கு இறைத்த நீர்தான்.

முதலில் பெயரைப் பார்ப்போம். இலக்கண வகுப்பில் 'பலபொருள் குறித்த ஒரு சொல்' என்று படிக்கிறோமே, மலேசியாவில் 'செர்ரி' அப்படிப்பட்ட சொல். ஜப்பானியரின் சக்குரா 'புரூனஸ்' இனம். நம் கம்பங்களில் பிள்ளைகள் பறித்துத் தின்னும் சிவப்புச் செர்ரிப்பழம் 'முந்திங்கியா'. தமிழ்நாட்டில் அதைத் தேன்பழம் என்பார்கள். சாலையோரத்தில் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கொட்டும் 'மலேசிய சக்குரா' உண்மையில் தெக்கோமா மரம். மூன்றும் மூன்று வேறு குடும்பங்கள். ஆகவே, கடைக்காரர் 'செர்ரி', 'சக்குரா' என்று சொன்னதும் வாங்கிடாதீங்க. தாவரவியல் பெயரைக் கேளுங்கள்.

உண்மையான சக்குரா இங்கே ஏன் சரிவராது? அதன் பூமொட்டு முதல் ஆண்டிலேயே உருவாகி, குளிர்காலத்தில் உறங்கும். ஏறக்குறைய 7 டிகிரி செல்சியசுக்குக் கீழான குளிர் பல நூறு மணி நேரம் கிடைத்தால்தான் அந்த உறக்கம் ஒழுங்காகக் கலையும். பாயான் லெப்பாஸில் விடியற்காலையில்கூட 23, 24 டிகிரி இருக்கும். எவ்வளவு உரம் போட்டாலும் அந்தக் குளிரை நாம் கொடுக்க முடியாது.

அப்படியென்றால் எதை வாங்கலாம்? செர்ரி என்ற பெயரோடு வேண்டுமானால் பார்படோஸ் செர்ரி இருக்கிறது. சிறிய இலை, இளஞ்சிவப்புப் பூ, சிவப்புப் பழம். நம் வெயிலுக்குப் பழகியது. மற்றொன்று, மலேசிய போன்சாய்க்காரர்கள் விரும்பி வளர்க்கும் வாட்டர் ஜாஸ்மின். இது நம் வெட்பாலையின் இனம். வெள்ளைப் பூக்கள் மணத்தோடு தொங்கும். சீனர்கள் இதை 'சுய் மெய்' என்பார்கள். 'மெய்' என்பது புரூனஸ் இனத்துப் பூமரம் ஒன்றின் பெயர்.

இனி, செடியைப் பார்க்கும் முறை. பூவை வைத்து முடிவு செய்யாதீங்க. பூ உதிர்ந்து மீண்டும் வரும். கிளையை வெட்டினால் துளிர்க்கும். மாற்றக் கடினமானவற்றை முதலில் பாருங்கள்.

வேர்: கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, மேல்மண்ணை விரலால் விலக்குங்கள். வேர்கள் நாலாபக்கமும் பரந்திருக்க வேண்டும். தண்டைச் சுற்றி இறுக்கிய வேர் வேண்டாம்.

தண்டு: அடியில் பருத்து மேலே மெலிய வேண்டும். உயரமான செடியைவிட, அடி பருத்த குட்டைச் செடியே மேல். கீழ்ப்பகுதியிலேயே கிளைகள் இருந்தால் இன்னும் நல்லது.

இலையும் பூவும்: பயிற்சியால் இலையைச் சிறிதாக்கலாம், பூவையும் காயையும் அப்படிச் சிறிதாக்க முடியாது. எனவே, இயற்கையிலேயே சிறிதாகப் பூத்துக் காய்க்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

நலம்: இலையின் அடிப்பக்கத்தில் மாவுப்பூச்சி இருக்கிறதா, புதுத்துளிர் வருகிறதா என்று பாருங்கள். தண்டை மெல்ல அசைக்கும்போது ஆடினால் வேர் இன்னும் பிடிக்கவில்லை.

குளிர்நாட்டில் இருக்கும் உறவினர் உண்மையான செர்ரி வாங்கினால் இன்னொன்றும் சொல்லுங்கள். பூக்கும் செர்ரிகள் பெரும்பாலும் ஒட்டுக்கட்டிய செடிகள். ஒட்டு, மண்ணுக்கு அருகில், வீக்கமில்லாமல் இருக்க வேண்டும். தண்டின் நடுவில் இருந்தால் அந்த வடு மறைவது கடினம். செர்ரியில் பெரிய வெட்டுக்காயம் எளிதில் ஆறாது என்பதால், தடித்த கிளையை வெட்டிய தழும்புள்ள செடியையும் தவிர்க்கலாம்.

தேர்வு எழுதும் மாணவர்களே, 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்ற பழமொழியை விளக்க போன்சாய் நல்ல எடுத்துக்காட்டு. இளங்கிளையைக் கம்பி சுற்றி வளைக்கலாம். முற்றிய கிளை ஒடிந்துவிடும். ஆசிரியர்களே, வகுப்புக்கு ஒரு தொட்டி போதும். அடுத்த முறை நாற்றுப்பண்ணைக்குப் போனால், பூவைப் பார்ப்பதற்கு முன் குனிந்து வேரைப் பாருங்க.