மருந்து அடிக்கும் முன்... வயலில் இறங்கி எண்ணிப் பார்த்தீர்களா?

கல்வராயன் மலையில் நல்ல மழை பெய்து கோமுகி அணை நிரம்பினால், கள்ளக்குறிச்சி பக்கம் நெல் நடவு களைகட்டும். கூடவே பூச்சிக் கவலையும் வந்துவிடும். இலையில் நாலு வெள்ளைக் கோடு தெரிந்தாலோ, பக்கத்து வயல்காரர் ஸ்பிரேயரைத் தூக்கினாலோ போதும். ‘எதுக்கும் ஒரு தடவை அடிச்சிடுவோம்’ என்று கடைக்கு ஓடுபவர்கள் பலர்.

ஆனால், வயலில் பூச்சி இருப்பது வேறு. நஷ்டம் தரும் அளவுக்கு இருப்பது வேறு. இந்த எல்லையைத்தான் ‘பொருளாதார சேத நிலை’ என்கிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு இது:

* தண்டு துளைப்பான்: சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல் அல்லது 10% நடுக்குருத்து காய்தல். பூக்கும் பருவத்தில் 2% வெண்கதிர்.
* இலைச்சுருட்டுப் புழு: வளரும் பருவத்தில் 10% இலைச் சேதம். பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் 5% சேதம்.
* புகையான்: தூருக்கு 1 பூச்சி. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 பூச்சி வரை பொறுக்கலாம்.

சிலந்திக்கு ஏன் இந்த மரியாதை? அது புகையானைப் பிடித்துத் தின்னும். அவசரப்பட்டு மருந்து அடித்தால் முதலில் சாவது சிலந்திதான். புகையானின் முட்டைகளோ தாளுறைக்குள் பத்திரமாக இருக்கும். அவை பொரிக்கும்போது தடுக்க ஆளிருக்காது. அதிலும் செயற்கை பைரித்ராய்டு வகை மருந்துகள் புகையானை இன்னும் பெருக்கிவிடும். இந்தப் பாடத்தைப் பெரும் நஷ்டப்பட்டுக் கற்ற நாடு இந்தோனேசியா. 1986-ல் நெற்பயிருக்கு 57 பூச்சிமருந்துகளை அந்த நாடு தடை செய்தது.

எண்ணுவது சிரமமில்லை. வாரம் ஒருமுறை காலையில் வயலின் குறுக்கே நடந்து, ஆங்காங்கே 10 குத்துகளைப் பாருங்கள். புகையான் தண்ணீருக்குச் சற்று மேலே, தூரின் அடியில் இருக்கும். குத்தைச் சாய்த்துத் தட்டினால் தெரியும். 10 குத்தில் 200 தூர் என்று வைத்துக்கொள்வோம். சிலந்தி இல்லாத வயலில் 200 புகையான் வந்தால்தான் எல்லை. 50 தான் என்றால் காசு மிச்சம்!

எல்லையை நெருங்கினால், முதலில் தண்ணீரை வடித்து வயலைக் காயவிடுங்கள், யூரியாவைக் குறையுங்கள். எல்லையைத் தாண்டினால், எந்த மருந்து, எவ்வளவு என்பதை வேளாண் அலுவலரிடம் கேட்டு அடியுங்கள்.

எண்ணியதை ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள். அடுத்த முறை மருந்துக் கடைக்குக் கிளம்பும் முன், அந்த நோட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.