உப்பு இங்கே... நல்ல தண்ணி அங்கே... 2 கடல்களின் 'பண்டமாற்று'! புயல் பலமாவதன் பின்னணி

சென்னை: கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா... இத்தனை ஆறுகளும் ஆண்டாண்டு காலமாக வங்கக்கடலில் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. அப்புறம் ஏன் மெரினா தண்ணி இன்னும் கரிக்குது? இந்த கேள்விக்கான பதிலில்தான் புயலின் ரகசியமும் ஒளிந்திருக்கிறது.

நம் பக்கம் வங்கக்கடல், கேரளா பக்கம் அரபிக்கடல். இரண்டும் இந்துமகா சமுத்திரத்தின் பிள்ளைகள்தான். ஆனால் குணம் வேறு. மழைக்காலம் முடிந்த நேரத்தில் வங்கக்கடலின் வடக்கு பகுதியில் மேல்மட்ட தண்ணீரில் உப்பு லிட்டருக்கு 30 கிராமுக்கும் கீழே போய்விடும். அரபிக்கடலில் சுமார் 36 கிராம். அங்கே பெரிய ஆறுகள் குறைவு. பெய்யும் மழையை விட ஆவியாகும் தண்ணீர் அதிகம். போதாததற்கு செங்கடலும் பாரசீக வளைகுடாவும் உப்பை அள்ளி விடுகின்றன.

இலங்கையை சுற்றி...

இந்த 2 கடல்களும் ஆண்டுதோறும் தண்ணீரை மாற்றிக் கொள்கின்றன. நவம்பர், டிசம்பரில் வடகிழக்கு பருவக்காற்று அடிக்கும்போது ஆந்திரா, தமிழ்நாடு கரையோரமாக நீரோட்டம் தெற்கே ஓடுகிறது. தென்மாவட்ட மீனவர்கள் 'நீவாடு' என்பார்களே, அதுதான். உப்பு குறைந்த தண்ணீரை இழுத்துக்கொண்டு போய், இலங்கையை சுற்றி, லட்சத்தீவு பக்கம் அரபிக்கடலில் விடுகிறது. பக்கத்திலேயே இருக்கும் பாக் ஜலசந்தி வழியாக அவ்வளவு தண்ணீரும் போக முடியாது. அங்கே ஆழம் ரொம்ப குறைவு. தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னார் வரை மணல் திட்டுகள் வேறு மறிக்கின்றன.

தென்மேற்கு பருவக்காலத்தில் கதை தலைகீழ். அரபிக்கடலின் உப்புத்தண்ணீர் இலங்கைக்கு தெற்கே வளைந்து வங்கக்கடலுக்குள் நுழைகிறது. உப்பு கூடினால் தண்ணீர் கனமாகிவிடும். விதைநெல் பார்க்க முட்டையை மிதக்க விடும் விவசாயிகளுக்கு இது புதுசல்ல. எனவே அந்த தண்ணீர் வங்கக்கடலின் லேசான தண்ணீருக்கு அடியில் புகுந்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே கலக்கிறது. ஆறுகள் கரைத்த உப்பு இப்படித்தான் திரும்ப கிடைக்கிறது. 2016-ம் ஆண்டு ஜூன், ஜூலையில் பெங்களூரு இந்திய அறிவியல் கழக விஞ்ஞானிகளும் இங்கிலாந்து விஞ்ஞானிகளும் 'சிந்து சாதனா' கப்பலில் போய் இந்த நீரோட்டத்தை அளந்து வந்தனர்.

புயலுக்கு 'தீனி'

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். மேலே கிடக்கும் நல்ல தண்ணீர், பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரி வேலை செய்கிறது. வெயில் சூடு ஆழத்துக்கு இறங்காமல் மேலேயே நிற்கிறது. ஆண்டின் பெரும்பகுதி 28 டிகிரிக்கு குறைவதில்லை. மற்ற கடல்களில் புயல் வந்தால் அடித்தண்ணீரை கலக்கி குளிர்ச்சியை மேலே கொண்டுவரும். சூடு குறைந்து புயலும் சோர்ந்து போகும். வங்கக்கடலில் இந்த 'மூடி' சுலபத்தில் கலங்குவதில்லை. புயலுக்கு தீனி கிடைத்துக்கொண்டே இருக்கிறது. அரபிக்கடலை விட இங்கே புயல் அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

3 நிமிடத்தில் மேட்டூர் அணை!

இந்த பண்டமாற்று உலகம் முழுக்க நடக்கிறது. பசிபிக்கில் இருந்து இந்தோனேசிய தீவுகளின் இடுக்குகள் வழியாக இந்துமகா சமுத்திரத்துக்கு வினாடிக்கு சுமார் 1½ கோடி கன மீட்டர் தண்ணீர் வருகிறது. காலி மேட்டூர் அணையை நிரப்ப அதற்கு 3 நிமிடம் போதும்! தென்ஆப்பிரிக்க முனையில் சூடும் உப்பும் நிறைந்த தண்ணீரின் ஒரு பகுதி சுழல் சுழலாக அட்லாண்டிக்குக்குள் நழுவுகிறது. அட்லாண்டிக்கின் உப்புத்தண்ணீர் வடக்கே கிரீன்லாந்து பக்கம் போய் குளிர்ந்து, கனமாகி, அடியில் மூழ்கி திரும்புகிறது. பனி உருகி அங்கே நல்ல தண்ணீர் கூடினால் இந்த ஓட்டம் தளரும் என்பதுதான் விஞ்ஞானிகளின் கவலை.

மிதவையில் கயிறு

வங்கக்கடலின் சூட்டையும் உப்பையும் அளக்க, சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் நடுக்கடலில் மிதவைகளை நிறுத்தி வைத்துள்ளது. மிதவையின் நிழலில் மீன் கூடும் என்பதால் சிலர் அதில் படகை கட்டி விடுகின்றனர். கருவி உடைந்தால் அந்த இடத்து தகவல் நின்றுபோகும். புயல் எச்சரிக்கைக்கு உதவும் தகவல்களில் இதுவும் ஒன்று. மிதவைகளை சேதப்படுத்த வேண்டாம் என்று மீனவர்களிடம் பலமுறை கேட்டுக்கொள்ளப்பட்டுள்ளது.